கிடை அச்சில் தேதி இல்லை

ஜூன் 18, ஞாயிறு

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. 'திருமதி மங்கையர்க்கரசி, அறிவியல் ஆசிரியர், துறையூர்' என்று என் பெயரைப் போட்டு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான கையேட்டில் முப்பது சொற்களுக்கு விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, அறிவியல் தரவுகளைக் காட்டுதலும் புரிந்துகொள்ளுதலும். தரவு, மாறி, அச்சு, அளவுத்திட்டம், சராசரி, வீச்சு, போக்கு, பிழை என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும், வீட்டுப் புழக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் வேண்டுமாம். நவம்பர் வரை அவகாசம். தோன்றுவதை அன்றன்றே குறித்து வைக்காவிட்டால் எனக்கு மறந்துவிடும், அதற்காகத்தான் இந்த டைரி.

ஆணையை வாங்கிப் படித்துவிட்டு இவர், "முப்பது வார்த்தைக்கு அஞ்சு மாசமா? என்னைத் திட்ட ஆரம்பிச்சா மூணு நிமிஷத்துல முந்நூறு வருமே உனக்கு" என்றார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் அம்பலவாணன். கண்டக்டராக இருந்தவர். முட்டி தேய்ந்த பிறகு, எட்டு வருடமாகப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நாள் முழுக்க எழுதுவதுதான் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் திட்டுவதற்கு இவரும் பள்ளிக்கூடமும்தான்.

ஜூன் 25, ஞாயிறு

காலை முழுக்கக் காய்கறி வேலை. எல்லாக் காயையும் பொடியாக நறுக்கி, கொதிநீரில் போட்டு, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதுதான் முறை. பொட்டாசியம் போகுமாம். ருசியும் கூடவே போகிறது. "காயைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா? பவுடர் போடலையா?" என்று கேட்டுவிட்டு இவர் வேலைக்குப் போனார்.

பிறகு இவருடைய மருத்துவ ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டேன். 'வரைபடம்' என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு தேடித்தான் எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதுவரை மூன்று பரிசோதனைகள். போன வருடம் அக்டோபர் 8ஆம் தேதி கிரியாட்டினின் 2.1. பிப்ரவரி 4ஆம் தேதி 2.7. மே 6ஆம் தேதி 3.1. ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் எண் இது, ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டும். எட்டைத் தொட்டால் டயாலிசிஸ் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கிராஃப் தாளில் கிடை அச்சில் பரிசோதனை 1, 2, 3. செங்குத்து அச்சில் கிரியாட்டினின். வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதினேன்: கிடை அச்சில் 1 செ.மீ. என்பது 1 பரிசோதனை. அளவுத்திட்டம் எழுதாத பிள்ளைக்கு நான் ஒரு மதிப்பெண் குறைப்பவள், பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமில்கூட இரக்கம் காட்டியதில்லை. மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் கோடு ஏறக்குறைய நேராக வந்தது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அரைப் புள்ளி ஏறுகிறது. எட்டைத் தொட இன்னும் பத்துப் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் இரண்டரை வருடம்.

இரண்டரை வருடம்! நான் மே மாதத்திலிருந்து இரண்டரை மாதம் என்பதுபோல் செத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அன்று, "டயாலிசிஸ் வரும்னு வெச்சுக்கிட்டு இப்பவே கையில ஃபிஸ்டுலா போட்டுடணும். ரத்தக்குழாய் ரெண்டையும் இணைக்கிற சின்ன ஆபரேஷன்தான். ஆனா அது ஊசி குத்தப் பக்குவமாக ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றார். இவருக்கு அதைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. அந்தக் கையால் பிறகு பாரம் தூக்கக் கூடாதாம்.

மாலை இவரிடம் படத்தைக் காட்டினேன்.

"கீழ ஒன்னு ரெண்டு மூணுன்னு இருக்கே, அது என்ன?"

"பரிசோதனை எண்."

"தேதி போடலையா?"

"தேதியெல்லாம் அட்டவணைல இருக்குங்க. வரைபடத்துல இப்படித்தான் போடணும்."

"சரி, டீச்சர் சொன்னா சரி" என்று காபியைக் குடித்தார். நான் இன்று நன்றாகத் தூங்குவேன் என்று தோன்றுகிறது.

ஜூலை 9, ஞாயிறு

நேற்று திருச்சி போய் வந்தோம். 3.6. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளை எடுத்து நான்காவது புள்ளியை வைத்தேன். நான் பென்சிலால் லேசாக நீட்டி வைத்திருந்த கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. அறிவியல் பொய் சொல்லாது என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேனே, அதற்கு ஒரு பலன்.

அடுத்து ஐந்து வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனைக்காரர்களே இப்படித்தான், ஒருமுறை பழகிவிட்டால் சும்மா சும்மா வரச் சொல்வார்கள்.

ஜூலை 16, ஞாயிறு

இன்று இரண்டு சொற்கள் எழுதினேன்.

உற்றுநோக்கல்: கண்டதை, அளந்ததை அப்படியே குறிப்பது.
அனுமானம்: கண்டதை வைத்து, இதனால் இருக்கலாம் என்று நாமாக எண்ணுவது.

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத மனிதர் கிடையாது. உதாரணத்துக்கு, இவர் கணுக்கால் வீங்கியிருக்கிறது, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இது உற்றுநோக்கல். நாள் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதால் வீங்குகிறது. இது அனுமானம். டைம் கீப்பர் அறையில் கால் வைக்க ஒரு மரப்பலகை போட்டுத் தரும்படி இவருடைய கிளை மேலாளரிடம் கேட்கச் சொன்னேன். கையேட்டுக்கு வேறு எடுத்துக்காட்டு எழுதிக்கொண்டேன், மழையும் ஈரத் தரையும்.

ஜூலை 29, சனி

கையேட்டு ஒருங்கிணைப்பாளர் ஞானசுந்தரி மேடம் போனில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார். நானும் விடவில்லை. 'பிழை' என்பதற்கு 'அளவிடும்போது ஏற்படும் தவறு' என்று எழுதியிருந்தேன்.

"பிழை வேற, தவறு வேற, மங்கையர்க்கரசி. தராசு நாலு கிராம் கூடக் காட்டினா அது பிழை. அத எவ்வளவுன்னு சொல்லி ஒத்துக்கலாம். நீங்க தராசையே தப்பாப் படிச்சா அது தவறு. அதுக்கு ஒத்துக்கற கணக்கெல்லாம் கிடையாது."

"பிள்ளைங்களுக்கு இவ்வளவு வேணுமா மேடம்?"

"பிள்ளைங்களுக்கு இல்லாட்டியும் டீச்சருங்களுக்கு வேணும்."

அந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். இருந்தாலும் திருத்தி எழுதினேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நேற்று 4.2. அதே கோடுதான். டாக்டர் இந்த முறை எங்களைக் கேட்கவே இல்லை, ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு 24ஆம் தேதி என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். படத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வெளியே எழுபது பேர் காத்திருக்கும்போது அதை எடுத்து விரித்துக்கொண்டு உட்கார முடியுமா? காட்ட நேரம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. எனக்கு விடுப்பு கிடைக்காது. அதற்குப் பிறகு கையேட்டுக் கூட்டம் மூன்று நாள். இவருக்கோ, கையைக் கிழிப்பது என்றாலே வியர்க்கிறது. டிசம்பர் விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். கோடு தெளிவாக இருக்கிறது, எட்டைத் தொட இன்னும் எட்டுப் பரிசோதனை இருக்கிறது.

இவர் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஃபைலைக் கேட்டார். கொடுத்தேன். ஒரு விரலை ஃபைலிலும் ஒரு விரலைக் கட்டத்திலும் வைத்து, உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே போனார். வண்டிச் சீட்டைச் சரிபார்க்கும்போது செய்கிற பழக்கம்.

"என்னங்க, எதாவது சொல்லுங்களேன்."

"நீ என்ன சொல்ற மங்கை?"

"டிசம்பர்னு சொல்றேன்."

"அப்ப டிசம்பர்தான்" என்று இரண்டையும் மூடிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

பெரம்பலூரிலிருந்து இவர் தங்கை பொற்கொடி போன் செய்தாள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டது தெரிந்து கத்தினாள். "அண்ணி, டாக்டரு தேதி குடுத்த பிறகு நீங்க எப்படி மாத்தறீங்க? எங்க அண்ணன் உடம்பு என்ன பரீட்சையா, தள்ளி வெக்கிறதுக்கு?" போக்கு, சாய்வு, எதிர்பார்க்கும் மதிப்பு எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "எனக்கு அதெல்லாம் புரியாது அண்ணி. நீங்க படிச்சவங்க, பாத்துச் செய்வீங்கன்னு நம்புறேன்" என்று வைத்துவிட்டாள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்குப் போக்குக்கோட்டை விளக்கப் போன என்னைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 24, வியாழன்

மிளகாய் அரைக்கக் கொடுத்தேன். கேஸ் வந்தது. வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

நேற்று 4.6. மூன்று வாரத்தில் போனோம். புள்ளி கோட்டுக்குச் சற்றுக் கீழேயே விழுந்திருக்கிறது. கீழே! இவரிடம் அதைக் காட்டினேன். "பரவாயில்லையே" என்றார். சாப்பாடு பாதி மீந்துவிட்டது. புளி இல்லாமல், உப்பு இல்லாமல், வெந்நீரில் முங்கி எழுந்த அவரைக்காயை யார்தான் தின்பார்கள்?

செப்டம்பர் 17, ஞாயிறு

5.2.

டாக்டர் கோபப்பட்டார். "டீச்சர், நீங்க படிச்சவங்கதானே? நான் யாருக்குச் சொல்லிட்டு இருக்கேன்?" என்றார். பொதுவாக என்னிடம் அப்படிப் பேசுபவர்களுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். நேற்று எனக்கு வாய் வரவில்லை. பையில் கை போனது, தாளின் மடிப்பு விரலில் பட்டது, எடுக்கவில்லை. அவர் அதைப் பார்த்து என்ன சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. காலாண்டு முடிந்ததும் உடனே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அக்டோபர் 12 கொடுத்திருக்கிறார்.

திரும்பும்போது பேருந்தில் இவர் என் தோளில் சாய்ந்து வந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பேருந்தில் இவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 20, புதன்

தேர்வுக் கண்காணிப்பு. அறையில் நடந்துகொண்டே மனதுக்குள் எழுதியதை இங்கே இறக்கிவைக்கிறேன்.

புறச்செருகல்: நமக்குத் தெரிந்த புள்ளிகளுக்கு அப்பாலும் கோட்டை நீட்டி, இனி வரப்போகும் மதிப்பைக் கணிப்பது. எடுத்துக்காட்டு: ஒரு சுரைக்கொடி ஒவ்வொரு வாரமும் இரண்டு அடி வளர்ந்தால், பந்தலைத் தொட எத்தனை வாரமாகும் என்று இன்றே சொல்லிவிடலாம்.

ஞானசுந்தரி மேடத்துக்கு அனுப்பினேன். 'அருமை' என்று ஒற்றைச் சொல்லில் பதில். அந்த அம்மாள் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை.

செப்டம்பர் 27, புதன்

நேற்று 5.7. கோட்டின் மேலேயேதான் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை.

இவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. காலையில் பல் துலக்கும்போது வாந்தி. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று நாளாக நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்குகிறார். சளி கட்டியிருக்கும்.

கோடு அப்படியேதானே இருக்கிறது? பிறகு ஏன் இந்த மனிதர் இப்படி ஆகிக்கொண்டிருக்கிறார்?

அக்டோபர் 4, புதன்

7.4.

ஆய்வகத்தின் தவறு. 5.7க்கு அடுத்து 6.2 வர வேண்டும். கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்: மற்றப் புள்ளிகளின் போக்கிலிருந்து வெகுவாக விலகி நிற்பது விலகிய புள்ளி, அதை வட்டமிட்டுக் காட்டி, அளவீட்டை மறுபடி செய்து பார்க்க வேண்டும். சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். நாளைக்கு வேறு ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"இன்னொரு தடவை குத்தணுமா மங்கை?" என்றார். கெஞ்சுகிற குரல். "ஒரு தடவைதாங்க" என்றேன்.

அக்டோபர் 5, வியாழன்

7.7.

அக்டோபர் 8, ஞாயிறு

திருச்சி. மருத்துவமனை வராண்டா. எழுத வேறு எதுவும் கையில் இல்லாததால் டைரியைக் கொண்டுவந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சு இழுக்கிறது, உள்ளே போகவில்லை. வாயில் இளஞ்சிவப்பாக நுரை. ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரம். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டும், கையில் ஃபிஸ்டுலா இல்லை, அதனால் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். தடித்த குழாய். காதுக்குக் கீழே இரண்டு முனைகள் தொங்குகின்றன.

எங்கள் டாக்டர் வந்து பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "கழுத்துல போடுற குழாய்ல கிருமி தொத்துற ஆபத்து அதிகம். அதனாலதான் கையில போடுங்கன்னு சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 11, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் படிவம் ஒன்றைக் கொடுத்து, பழைய பரிசோதனைகளைத் தேதி வாரியாக எழுதித் தரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் இடையில் எத்தனை நாள் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்டோபர் 4 வரை நாள்களைக் கணக்கிட்டு எழுதினேன்.

119.
91.
63.
35.
21.
14.
10.
8.

பத்தொன்பது வருடமாக அறிவியல் ஆசிரியர். இந்த எண்களை யாராவது ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினால், கடைசி பெஞ்சில் இருப்பவன்கூட என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவான். நூற்றுப் பத்தொன்பது நாளைக்கும் ஒரு சென்டிமீட்டர் கொடுத்திருக்கிறேன், எட்டு நாளைக்கும் ஒரு சென்டிமீட்டர் கொடுத்திருக்கிறேன். பாடப் புத்தகப் பயிற்சிகளில் கிடை அச்சுக்கு எப்போதும் 1, 2, 3, 4 என்றுதான் வரும், சமமாக வரும், கை அதற்குப் பழகிவிட்டது. இது ஒரு சாக்கு. தேதி போடலையா என்று இவர் கேட்டது என் காதில் விழுந்தது. செப்டம்பரில் பையில் விரல் பட்டபோது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அதனால்தான் தாளை எடுக்கவில்லை.

கணக்குப்படி எட்டைத் தொடப் பரிசோதனைகள் மிச்சம் இருந்தன, நாள்கள் மிச்சம் இல்லை. ஆகஸ்ட் 24 அன்று கையில் போட்டிருந்தால், இந்நேரம் அது ஏறக்குறைய பக்குவமாகியிருக்கும். கழுத்தில் குழாய் இருந்திருக்காது. நான் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தை வாங்கிய மருத்துவர், "கையெழுத்து முத்து முத்தா இருக்கு, டீச்சரா?" என்றார்.

அக்டோபர் 14, சனி

காய்ச்சல். நூற்று மூன்று. டயாலிசிஸ் ஓடும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. பார்வை நேரம் நான்கிலிருந்து நாலரை. உள்ளே போனேன். முகமூடியை எடுத்துவிட்டு, மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். பேசினார். குரல் தேய்ந்துவிட்டது.

நேற்று முழுக்க எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "அந்தப் படத்தைத் தப்பா வரைஞ்சுட்டேங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"கட்டம் எல்லாம் ஒரே அளவு. நாள் ஒரே அளவு இல்ல. எட்டு வருஷமா ரெண்டு வண்டிக்கு நடுவுல எத்தனை நிமிஷம்னு பாக்கறதுதான் என் பொழப்பு. அது எனக்குத் தெரியாதா?"

"எப்பப் பாத்தீங்க?"

"ஆபரேஷன் தேதி குடுத்தாங்கல்ல, அன்னைக்குத்தான். ஃபைல வாங்கிப் பாத்தேனே."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை மறைக்க விரும்பவில்லை. கழுத்தில் குழாயோடு கிடக்கிற மனிதரிடம், "அப்பவே ஏங்க வாயத் தொறக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே இழுத்துட்டுப் போயிருப்பேனே!" என்று குரலை உயர்த்திவிட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"இழுத்துட்டுப் போயிருப்ப. எனக்குப் பயமா இருந்துச்சு மங்கை. டிசம்பர்னு நீ சொன்னது எனக்குத் தோதா இருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அது பாதி. மே மாசத்துலேர்ந்து நீ ராத்திரி ராத்திரி முழிச்சுக் கெடந்த. அந்தப் படத்த வரைஞ்ச பிறகுதான் அசந்து தூங்கின. நான் அதுல போய்த் தேதிய எழுதி உன்னை எழுப்பணுமா?"

"உங்க உசுருங்க அது."

"ஆமா. அது தெரியாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டுட்டோம்."

நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 19, வியாழன்

மறுபடி முகமூடி. பேச்சு இல்லை. நான் கையைப் பிடித்தால் பிடிக்கிறார்.

அக்டோபர் 22, ஞாயிறு

காலை ஆறு பத்து.

அக்டோபர் 30, திங்கள்

ஞானசுந்தரி மேடம் நேரிலேயே வந்துவிட்டார். அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போதுதான், மீதிச் சொற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தானே முடித்துவிடுவதாகச் சொன்னார். புறச்செருகலுக்கு நான் கொடுத்த எடுத்துக்காட்டை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். கொடி எல்லா வாரமும் ஒரே மாதிரி வளராது என்றேன். முதல் பகுதி அச்சுக்குப் போய்விட்டதாம். "நல்ல உதாரணம்தானே?" என்றார். வாசலில் நின்று அழுதேன், இவருக்காக அழுவதாக நினைத்துத் தட்டிக்கொடுத்தார். இவருக்காகவும்தான் அழுதேன்.

நவம்பர் 4, சனி

துக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். காயை வடித்து வடித்துக் கொடுத்தாயே, ஃபைலை அப்படிப் பத்திரமாக வைத்திருந்தாயே, உன்னை மாதிரி யார் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வாரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இன்று முடியவில்லை.

பொற்கொடி பதினாறாம் நாள் காரியம் வரை துணைக்கு இருப்பதாகச் சொல்லித் தங்கியிருக்கிறாள். காலையில் எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, நீங்க இல்லாட்டி எங்க அண்ணன் போன வருஷமே போயிருக்கும்" என்று தலையைக் கோதினாள். நான் பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து அவள் முன்னால் விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டங்களை, நாள்களை, 24ஆம் தேதியை, டாக்டரிடம் காட்டாமல் வைத்துக்கொண்டதை. அவளுக்குப் புரியும்படி ஒரு விரலை இங்கும் ஒரு விரலை அங்கும் வைத்துச் சொன்னேன். அவள் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பாதிப் பாரத்தை அவர்மேல் இறக்கிவைத்தது போலாகும்.

பொற்கொடி புரியாதவள் இல்லை. புரிந்துகொண்டாள். எழுந்துபோய் இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே பை ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பதினொன்றே கால் பெரம்பலூர் வண்டிக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "காரியத்தன்னைக்கு வர்றேன்" என்றாள். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக 'அண்ணி' என்று சேர்க்கவில்லை.

அவள் செய்தது சரி. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான், இத்தனை நாள் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்ததும் அதைத்தான். ஆனால் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நான் செய்ததை முழுக்க அறிந்த பிறகும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்காக ஒன்றும் தெரியாதவர்போல் காபி குடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் கொன்றுவிட்டேன்.